மாதம் 25 டொலர் அனுப்பினா அந்த கிளினிக்கில அது என்னவாகுது?

தம்பி எண்டு கூப்பிடுறன், குறை நினைக்காதீங்க, எனக்கு இந்த வருஷத்தோட அறுபத்தெட்டு. நீங்க எழுதினத ரெண்டு மூண்டு தரம் வாசிச்சன். கனடாவில இருக்கிறீங்க, திருகோணமலை மாவட்டத்தில வெருகல் பக்கம் ஒரு இலவச கிளினிக் நடக்குது, மாதம் 25 டொலர் போடுங்க எண்டு சொந்தக்காரர் ஒருத்தர் கேட்டிருக்கார், அந்தக் காசு அங்க என்னவாகும், இலங்கையில ஆஸ்பத்திரி இலவசம்தானே பிறகெதுக்கு இது, காசா குடுக்காம மருந்தா மெசினா வாங்கி அனுப்பினா நல்லமில்லையா எண்டு மூண்டு கேள்வி. ஆனா மூண்டுக்கும் அடியில ஒரே கேள்விதான் கிடக்கு எண்டு நினைக்கிறன், நான் கண்ணால காணாத இடத்தில என்ட காசு ஒரு வருத்தக்காரருக்காவது போய்ச் சேருதா, இல்ல ஆரோ ஒருத்தன்ட வேன் பெற்றோலுக்குப் போகுதா எண்டது. அதுக்கு என்ட பதில் கொஞ்சம் கோணலா இருக்கும்: வேன் பெற்றோலுக்குப் போனாத்தான் அது வருத்தக்காரருக்குப் போய்ச் சேரும்.

முதல்ல நான் ஆர் எண்டு சொல்லிடுறன். நான் டொக்டர் இல்ல. இந்த மாவட்டத்து அரச ஆஸ்பத்திரிகள்ல மருந்தாளரா முப்பது வருஷத்துக்கு மேல வேலை செஞ்சன், ஜன்னலுக்கு அங்கால நிண்டு மருந்து கட்டிக் குடுக்கிற ஆள். பென்ஷன் எடுத்த பிறகு மூதூருக்குத் தெக்க ஒரு சின்ன இலவச கிளினிக்கில ஸ்டோரும் கணக்கும் பாத்தன், முழங்கால் ஏலாமப் போகும் வரைக்கும். அதால மருந்து, ஸ்டொக், காசு, சனம் வாறது போறது பற்றி நான் சொன்னா நம்பலாம், ஒரு ஆளுக்கு எந்த மாத்திரை எவ்வளவு எண்டு என்னட்ட கேக்காதீங்க. உங்கட சொந்தக்காரர் சொன்ன கிளினிக் எது எண்டு நீங்க எழுதல்ல, அதால அத பற்றி நல்லதோ கெட்டதோ இதில ஒண்டும் இல்ல, பொதுவாத்தான் சொல்றன்.

இலவசம்தானே எண்டதுக்கு வருவம். ஓம், இலவசம்தான், அதில பொய் இல்ல. ஆஸ்பத்திரி ஜன்னல்ல ஒரு சதமும் கேக்க மாட்டாங்க. ஆனா அந்த ஜன்னலுக்கு வந்து சேர காசு வேணும். வெருகல் எங்க இருக்கு எண்டு மேப்பில பாருங்க, திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைல, ஏ15 ரோட்டில ஏறத்தாழ நடுவில, மாவலி கங்கையின்ட ஒரு கிளை கடலுக்குப் போற இடம். முந்தி திருகோணமலையில இருந்து அங்க போறதெண்டா ஒரு ஆத்தைக் கடந்து அடுத்த ஆறு எண்டு பாதையிலதான் போகோணும், பாதை எண்டா ரோட்டு இல்ல, வாகனத்தையும் ஆளையும் ஏத்தி அக்கரைக்குக் கொண்டு போற மிதவை, உங்கட அப்பா அம்மாட்ட கேட்டா சொல்லுவாங்க. இல்லாட்டி ஜெட்டிக்குப் போய் மூதூருக்கு லோஞ்சு எடுக்கோணும். 2009-ல கிண்ணியா பாலம் திறந்தாங்க, 396 மீற்றர், பிறகு கங்கை, உப்பாறு, இறால்குழி, வெருகல் எண்டு ஒவ்வொண்டா பாலம் வந்தது, இப்ப ரோட்டு கண்ணாடி மாதிரி. அதால வெளில இருந்து வாற ஆக்கள் இது எப்பிடி ஒதுக்குப்புறம் எண்டு கேப்பாங்க. ரோட்டு நல்லம், ஆனா பஸ் குறைவு, மெயின் ரோட்டில இருந்து உள்ளுக்குப் போற கிறவல் பாதையில பஸ்ஸே இல்ல. கிட்ட இருக்கிற பிரதேச வைத்தியசாலையில காய்ச்சல் தடிமன் பாக்கலாம், பிரசரும் சீனி வருத்தமும் (சர்க்கரை நோய்) ஓரளவு பாக்கலாம், அதுக்கு மேல எண்டா மூதூர் ஆதார வைத்தியசாலை, அதுக்கும் மேல எண்டா திருகோணமலை பெரியாஸ்பத்திரி, இல்லாட்டி மட்டக்களப்பு. கூலிக்குப் போற ஒரு மனுசிக்கு கிளினிக் நாள் எண்டா அந்த நாள் சம்பளம் இல்ல, பஸ் காசு, ஒரு சாப்பாடு, கண் தெரியாட்டி கூட வாற மகளுக்கும் அதே செலவு, மகள்ட சம்பளமும் இல்ல. அது மாசா மாசம். ரெண்டு மாசம் போவாங்க, மூண்டாம் மாசம் "இப்ப சுகமாத்தானே இருக்கு" எண்டு விட்டிடுவாங்க. நான் ஜன்னல்ல நிண்ட காலத்தில கிளினிக் கொப்பியப் புரட்டினா அந்த இடைவெளி கண்ணுக்கு முன்னால தெரியும், தை, மாசி, பிறகு ஒரேயடியா ஆனி. பேச்சுப் பேசியும் இருக்கிறன், வெக்கமாத்தான் இருக்கு இப்ப நினைச்சா, ஏனெண்டா அந்த மனுசி ஏன் வரேல்ல எண்டு நான் ஒரு நாளும் கேக்கேல்ல.

அதுக்கு மேல மருந்து இல்லாத காலம் எண்டு ஒண்டு இருக்கு. அரச ஆஸ்பத்திரிக்கு மருந்து கொழும்பில மருத்துவ வழங்கல் பிரிவில இருந்து மாவட்டக் களஞ்சியத்துக்கு வந்து அங்கயிருந்து பிரிபடும், கடைசி ஆஸ்பத்திரி எப்பவும் கடைசிதான். ஒரு ஐட்டம் முடிஞ்சா துண்டில எழுதி வெளில வாங்கச் சொல்லுறத தவிர வழியில்ல. 2022-ல அது உச்சத்துக்குப் போச்சு, 200 ரூபாய்ல நிண்ட அமெரிக்க டொலர் ரெண்டு மூண்டு மாசத்தில 360-க்கு ஏறிச்சு, கடையில மருந்து விலை ஒரே வருஷத்தில ரெண்டு தரம் கூட்டப்பட்டது, பெற்றோல் வரிசையில ஆம்புலன்சும் நிண்டது. டவுனில இருக்கிறவன் நாலு பாமசி ஏறி இறங்கித் தேடுவான். வெருகல் பக்கத்து ஈச்சிலம்பற்றில எத்தனை பாமசி இருக்கும் எண்டு நினைக்கிறீங்க?

ஆக ஒரு தர்ம கிளினிக்குக்கு அங்க இருக்கிற வேலை ஆஸ்பத்திரி மாதிரி இன்னொரு ஆஸ்பத்திரி நடத்துறது இல்ல. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவில இருக்கிற அந்தத் தூரத்த நிரப்புறது. இத விளங்கின கிளினிக் நிண்டு பிடிக்கும், விளங்காதது ரெண்டு வருஷத்தில போர்டு மட்டும் மிஞ்சும்.

இனி காசுக்கு வருவம். எங்கட கணக்குக் கொப்பியில பெரிய செலவு மருந்து இல்ல. இத சொன்னா வெளிநாட்டில இருந்து குடுக்கிற ஆக்களுக்கு மூஞ்சி மாறும். மெட்ஃபோர்மின், லொசார்ட்டன், அட்டோர்வஸ்டட்டின், சின்ன அஸ்பிரின், இதெல்லாம் காப்புரிமை முடிஞ்ச பழைய மருந்துகள், மொத்தமா வாங்கினா மலிவு. செலவு முழுக்க ஆக்களிலயும் பயணத்திலயும். டவுனில இருந்து டொக்டர் வாறதுக்கு, சிலர் காசு வாங்க மாட்டாங்க ஆனா வாகனம் அனுப்போணும். ஒரு நேர்ஸ், மருந்து குடுக்க ஒரு ஆள், இவங்களுக்கு மாசச் சம்பளம் இல்லாட்டி வேற வேலை கிடைச்ச அண்டைக்கே போயிடுவாங்க, அது பிழையும் இல்ல. பிறகு எங்களிட்ட ஒரு பொம்பிளைப் பிள்ளை வேலைக்கு இருந்தவ, மோட்டர் சைக்கிள்ல போய் அந்த மாசம் வராத ஆக்கள்ட வீட்டைத் தட்டுறதுதான் அவட வேலை, ஏன் வரேல்ல, மாத்திரை கிடக்கா, கால்ல புண் கிண் இருக்கா எண்டு பாக்கிறது. வெளில இருந்து பாத்தா அது ஒரு வேலையாவே தெரியாது, ஒரு ரிப்போட்டிலயும் படம் எடுத்துப் போட ஏலாது, ஆனா என்னைக் கேட்டா அந்த கிளினிக்கில செலவழிச்ச காசிலயே பெறுமதியானது அவட சம்பளமும் பெற்றோலும்தான். கொடுத்தவர் ஒருத்தர் அந்த வரியைக் காட்டி "இது நிர்வாகச் செலவு, இதுக்கு என்ட காசைப் பாவிக்காதீங்க, மருந்துக்கு மட்டும்" எண்டு எழுதினார். சரி எண்டு மருந்து வாங்கி அலுமாரியில அடுக்கினம். வருத்தக்காரர் வீட்டில இருந்தாங்க, மருந்து அலுமாரியில இருந்தது.

மிச்சச் செலவைச் சுருக்கமாச் சொல்றன். கரண்ட் பில், ப்ரிஜ், கரண்ட் போனா ப்ரிஜ் ஓட ஒரு வழி. இன்சுலின் 2-ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கோணும், ஆடி ஆவணியில எங்கட பக்கம் கச்சான் காத்து அடிக்கிற நேரம் வெளில வெக்கை 35-ஐத் தாண்டும். ப்ரிஜ் இல்லாத வீட்டுக்கு இன்சுலின் குடுத்து விட்டா மண்பானைக்குள்ள ஈர மணல் போட்டு வைக்கச் சொல்லிக் குடுக்கோணும், திறந்த குப்பிய 28 நாளைக்கு மேல வைக்காத எண்டும் சொல்லோணும். இரத்தம் எடுத்து டவுன் லேப்புக்கு அனுப்புற செலவு. கையுறை, சிரிஞ்ச். பாவிச்ச ஊசிய என்ன செய்யிறது எண்டதுக்கு ஒரு ஏற்பாடு, கண்ட இடத்தில புதைக்க ஏலாது, எரிக்கிற வசதி இருக்கிற ஆஸ்பத்திரியோட கதைச்சு ஒழுங்கு செய்யோணும். இதுகள ஒருத்தரும் கேக்கிறதில்ல.

நீங்க கேட்ட மருந்து அனுப்புற விஷயம். வேண்டாம். இதில எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. சுனாமிக்குப் பிறகு 2005-ல நான் பெட்டி பிரிச்ச ஆள். எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில லேபிள், பாதி பாவிச்ச போத்தல், டொக்டருக்கு கம்பனி குடுக்கிற சாம்பிள் மாத்திரை, ரெண்டு மாசத்தில காலாவதி ஆகிறது. தரம் பிரிக்கவே ஆக்கள் இல்லாத நேரத்தில அதுகள வைக்கவும் இடம் தேடி, பிறகு அழிக்கவும் வழி தேடினம். இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்ல, இந்தோனேசியாவில ஆச்சே மாகாணத்துக்கு அதே சுனாமியில 4000 தொன் மருந்து வந்தது, அதில பாதிக்கு மேல அந்த நாட்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலயே இல்லாத மருந்து. இதுக்கெண்டு உலக சுகாதார நிறுவனம் 1996-லயே வழிகாட்டி போட்டிருக்கு, பிறகு 2010-லயும் புதுப்பிச்சு வந்தது: மருந்து போய்ச் சேருற இடம் கேட்டாத்தான் அனுப்பு, வந்து இறங்கிற நேரம் குறைஞ்சது ஒரு வருஷமாவது காலாவதிக்கு இருக்கோணும், ஆக்கள் திருப்பிக் குடுத்த மருந்தோ சாம்பிளோ அனுப்பாத, அந்த நாட்டில விளங்கிற மொழியில லேபிள் இருக்கோணும். இலங்கைச் சட்டமும் அப்பிடித்தான், 2015-ம் ஆண்டு 5-ம் இலக்கச் சட்டத்தோட வந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அனுமதி இல்லாம மருந்து இறக்க ஏலாது, நன்கொடையா இருந்தாலும்தான். சூட்கேசில கொண்டு வந்து குடுக்கிற ஆக்கள் இருக்காங்க, நல்ல மனசுதான், ஆனா ஒரு வருத்தக்காரருக்கு மூண்டு மாசம் கனடா மாத்திரை வெள்ளையா நீளமா, நாலாம் மாசம் இஞ்சத்த மாத்திரை வட்டமா வேற நிறத்தில எண்டா, ரெண்டும் வேற வேற மருந்து எண்டு நினைச்சு ரெண்டையும் சேத்துப் போட்ட ஆக்களை நான் கண்டிருக்கிறன்.

மெசின் கதை அதவிட மோசம். சீனி பாக்கிற மீட்டர் எல்லாரும் அனுப்ப விரும்புற சாமான், சின்னது, மலிவு, படம் எடுத்தா வடிவா இருக்கும். கனடா, லண்டன் மீட்டர் காட்டிற கணக்கு வேற, எங்கட கணக்கு வேற. அங்க 7 எண்டா இஞ்ச 126, 18-ஆல பெருக்கோணும். ஒரு ஐயா வீட்டில மீட்டர் 14 காட்டிச்சு எண்டு சந்தோசமா இருந்தார், சரியாக் குறைஞ்சு போச்சு எண்டு சொல்லி மாத்திரையப் பாதியாக்கிப் போட்டார், 14 எண்டா எங்கட கணக்கில 252. அது போக மீட்டர் ஒருக்கா வாங்கிற சாமான், ஸ்ட்ரிப் ஒவ்வொரு தரமும் வாங்கோணும், அந்த பிராண்ட் ஸ்ட்ரிப் திருகோணமலையில இல்லாட்டி மீட்டர் பிள்ளையளுக்கு விளையாட்டுச் சாமான். ஸ்ட்ரிப் போத்தல் மூடி திறந்து கிடந்தா ஈரக்காத்தில பழுதாகும், பிழையான கணக்குக் காட்டும். பெரிய மெசின் எண்டா உங்கட நாட்டில கரண்ட் 120 வோல்ட், இஞ்ச 230, கொண்டு வந்து செருகின அண்டைக்கே புகைஞ்ச ஒண்ட நான் மூக்கால அறிஞ்சன். அது செருகினது நான் இல்ல, அதையும் சொல்லிப் போடுறன்.

இதே கதை தண்ணி மெசினிலயும் இருக்கு. எங்கட மாவட்டத்தின்ட மற்றப் பக்கம், பதவி ஸ்ரீபுர மாதிரி இடங்கள்ல காரணம் இன்னும் தெளிவாத் தெரியாத சிறுநீரக நோய் இருக்கு, வட மத்திய மாகாணத்தில 90-கள்ல கண்டு பிடிச்ச அதே நோய்தான். நல்ல தண்ணி குடுத்தா உதவும் எண்டு ஆர்.ஓ. எண்ட தண்ணி சுத்தமாக்கிற மெசின் குடுக்கிற ஆக்கள் கன பேர். குடுக்கிறது நல்லம், ஆனா ஃபில்டரும் மெம்பிரேனும் காலத்துக்குக் காலம் மாத்தோணும், அதுக்கு ஆர் காசு குடுக்கிறது எண்டு திறப்பு விழாவில ஒருத்தரும் கதைக்கிறதில்ல. கட்டிடமும் அப்பிடித்தான். சண்டை முடிஞ்ச கையோட எங்கட பக்கம் என்ஜிஓ போர்டு முளைச்ச வேகத்தப் பாத்திருக்கோணும் நீங்க, பிறகு திட்டம் முடிய எல்லாரும் போயிட்டாங்க. ஒரு இடத்தில டைல்ஸ் பதிச்சு, கொடுத்தவர்ட பெற்றோர் பேர் கல்லில வெட்டி, மூண்டு அறையோட கிளினிக் கட்டிடம், டொக்டருக்கோ நேர்சுக்கோ ஒரு ரூபா ஒதுக்கல்ல. நான் போன நேரம் வௌவால் இருந்தது. ஆடும் இருந்தது, ஆடு பரவாயில்ல.

மெடிக்கல் கேம்பையும் கேப்பீங்க. ஒரு நாள், பெரிய பந்தல், முன்னூறு பேருக்குப் பிரசர் பாத்து ரெண்டு கிழமைக்கு மாத்திரை. கண்ணுக்கும் பல்லுக்கும் கேம்ப் நல்லம், வெள்ளெழுத்துக் கண்ணாடி ஒண்டு குடுத்தா அண்டைக்கே அந்த மனுசி ஊசியில நூல் கோப்பா, கண்ணில கற்றராக் இருக்கிறவர பெரியாஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பலாம். ஆனா பிரசருக்கும் சீனிக்கும் ரெண்டு கிழமை மாத்திரை எண்டா பதினஞ்சாம் நாள் என்ன? அந்த ஆள் பேர எழுதி எடுத்துப் போய் கிட்ட உள்ள அரச கிளினிக்கில பதிஞ்சு விட்டா கேம்புக்கு அர்த்தம் இருக்கு. அப்பிடிச் செய்யிற கேம்பும் இருக்கு, நான் குறைவாத்தான் கண்டன்.

இப்ப எது நிச்சயம் எது சந்தேகம் எண்டு பிரிச்சுச் சொல்றன். பிரசர் மாத்திரையையும் சீனி மாத்திரையையும் விடாமப் போட்டா பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகம் பழுதாகிறது குறையும் எண்டது உலகம் முழுக்க நிரூபிச்ச விஷயம், அதில வாதம் இல்ல. தூரமும் செலவும் கூடினா சனம் மருந்த விடும் எண்டதும் நிச்சயம். ஆனா உங்கட 25 டொலரால இன்ன கிராமத்தில இத்தனை பேர் தப்பினாங்க எண்டு ஒரு சின்ன கிளினிக் சொன்னா நம்பாதீங்க. அத அளக்கிறதுக்கு அந்த கிளினிக் இல்லாட்டி என்ன நடந்திருக்கும் எண்டு தெரியோணும், ஆராலயும் சொல்ல ஏலாது. எங்களிட்ட ஒழுங்கா வந்த ஒரு அம்மா இருந்தா, இறால்குழிப் பக்கம், ஒரு பெரிய நன்கொடை நிண்டு போக நாங்கள் ரெண்டு மாசம் கிளினிக்கை மூட வேண்டி வந்தது, அந்த ரெண்டு மாசத்துக்குள்ள அவக்கு ஒரு பக்கம் விழுந்திட்டு. மருந்து நிண்டதாலதான் எண்டு சத்தியம் பண்ண என்னால ஏலாது, பிரசர் இருக்கிற ஆளுக்கு மருந்து போட்டாலும் வரலாம். ஆனா அவவ அரச கிளினிக்கில இருந்து "இவ்வளவு தூரம் ஏன் அலையுறீங்க, எங்களிட்டயே எடுங்க" எண்டு இழுத்து எடுத்தது நாங்கள்தான். அவட ஆஸ்பத்திரிக் கொப்பிய நிப்பாட்ட விட்டது எங்கட பிழை. அதுக்குப் பிறகு எங்கட வழக்கம் மாறினது, ஆரா இருந்தாலும் அரச கிளினிக்கில பதிவு உயிரோட இருக்கோணும், நாங்கள் அதுக்கு மேல உதவி மட்டும், அங்க மருந்து முடிஞ்சா குடுக்கிறது, அங்க போக பஸ் காசு குடுக்கிறது, நடக்க ஏலாதவருக்கு ஆஸ்பத்திரியோட கதைச்சு வீட்டுக்குக் கொண்டு போறது.

இன்னொரு சந்தேகம் எனக்கே தீரேல்ல. இப்பிடி தர்மத்தில கிளினிக் நடந்தா அரசாங்கம் "அங்கதான் ஆக்கள் பாக்கிறாங்களே" எண்டு வெற்றிடத்த நிரப்பாம விட்டிடுமா? என்னோட வேலை செஞ்ச டொக்டர் ஒருத்தர் அப்பிடித்தான் நினைச்சார், எங்களோட நிண்டே எங்கள எதிர்த்துக் கதைப்பார். அவர் சொல்றதில நியாயம் இருக்கு. ஆனா தீயணைக்கிற வண்டி வரும் எண்டு வாளியைக் கீழ வைக்க எனக்கு மனசு வரேல்ல.

சில வேலையள் தர்ம கிளினிக் செய்யவே கூடாது, அதையும் கேட்டுப் பாருங்க. பாம்புக்கடி மருந்து வாங்கி வைக்கக் காசு தாங்க எண்டு கேட்டா யோசியுங்க. எங்கட பக்கம் வயல்ல புடையன் கடி சாதாரணம், விச முறிவு ஊசி இந்தியாவில இருந்து வாறது, அது ஏத்தேக்க உடம்பு ஒத்துக்கொள்ளாம உயிருக்கே ஆபத்தாகலாம், அதைச் சமாளிக்க அட்ரினலினும் ஒக்சிசனும் ராப்பகலா பாக்க ஆளும் வேணும். பத்தாததுக்கு குழிமூக்குப் புடையன் எண்ட வேற சாதிப் பாம்புக் கடிக்கு அந்த ஊசி வேலையே செய்யாது. கிழமைக்கு ஒரு நாள் திறக்கிற கிளினிக்கில அது அலுமாரிச் சாமான். அங்க செய்ய வேண்டியது கடிச்ச இடத்தக் கீறாம கட்டி இறுக்காம உடன ஆஸ்பத்திரிக்கு அனுப்புறது, 1990 எண்ட இலவச ஆம்புலன்ஸ் நம்பருக்கு அடிக்கிறது, வர சுணங்கினா ஓட்டோவுக்குக் காசு குடுக்கிறது.

அந்த ஓட்டோக் காசு எண்டதுக்குத் தனியா ஒரு சின்ன நிதி வைச்சிருக்கிற கிளினிக்க நான் உயத்தி மதிப்பன். புற்றுநோய் எண்டு கொழும்புக்குக் கிட்ட மகரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு எழுதி விட்டா அங்க வைத்தியம் இலவசம், ஆனா வெருகலில இருந்து மகரகமை எண்டா நாட்டின்ட மற்றக் கரை. ராப் பஸ், தங்க இடம், சிங்களம் தெரியாத மனுசி எந்த அறைக்கு எந்தத் துண்டோட போறது எண்டு தெரியாம நிக்கிறது. கூட ஒரு சிங்களம் கதைக்கிற ஆள அனுப்பினா அந்த வைத்தியம் முடியும், அனுப்பாட்டி ரெண்டாம் தரத்தோட நிண்டிடும். உங்கட 25 டொலர் இண்டைக்கு ஐயாயிரம் ரூபாவுக்குக் கொஞ்சம் மேல. வெருகலில இருந்து திருகோணமலை டவுனுக்கு ஓட்டோ பிடிச்சு போய் வர அது காணாது, ஆனா நாலு பேர் பஸ்ஸில போய் வந்து சாப்பிட்டு மிச்சமும் வரும்.

சரி, அந்த கிளினிக் உண்மையானதா எண்டு எப்பிடிப் பாக்கிறது. பதிவு கேளுங்க: தனியார் மருத்துவ நிறுவனம் எண்டா 2006-ம் ஆண்டு 21-ம் இலக்கச் சட்டத்தின்படி பதியோணும், சமூக சேவை அமைப்பு எண்டா 1980-ம் ஆண்டு 31-ம் இலக்கச் சட்டம், டொக்டர் இலங்கை மருத்துவ சபையில பதிஞ்சவரா இருக்கோணும், வெளிநாட்டு டொக்டர் லீவில வந்து பாக்கிறதெண்டாலும் தற்காலிகப் பதிவு வேணும். ஆனா பதிவு இருந்தா நல்லவங்கள் எண்டு அர்த்தமில்ல, பேப்பர் எல்லாருக்கும் வரும். அதவிட நான் கேக்கச் சொல்றது ஸ்டொக் கொப்பியில மூண்டு மாசப் பக்கம். படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க, வருத்தக்காரர் பேர் தெரியாம மறைச்சிட்டு. ஒழுங்கா நடக்கிற இடத்தில கொப்பி அழுக்கா இருக்கும், வெட்டிக் கொத்தி எழுதியிருக்கும், ஒரு ஐட்டம் முடிஞ்சு பூச்சியம் விழுந்திருக்கும். எல்லா மாசமும் ஒரே கையெழுத்தில ஒரே மையில வடிவா நிரப்பியிருந்தா அது ஒரே நாளில எழுதினது. பிறகு இன்னொண்டு கேளுங்க, போன மார்கழி வெள்ளத்தில என்ன செஞ்சீங்க எண்டு. ஐப்பசி கடைசியில இருந்து தை வரைக்கும் மழை, வெருகல் ஆறு பெருகினா உள்ளூர் றோட்டு தாண்டு போகும். நடத்துற ஆளுக்கு அந்தக் கேள்விக்கு உடன ஒரு கதை இருக்கும், முன்கூட்டியே ரெண்டு மாச மாத்திரை குடுத்தம், லேண்ட்மாஸ்டர் எண்ட ரெண்டு சில்லு உழவு மெசின்ல போனம், இல்ல ஒண்டும் செய்ய ஏலாமப் போச்சு எண்டாவது சொல்லுவான். வெறும் போர்டு மட்டும் வைச்சிருக்கிறவன் "வெள்ள நிவாரணம் வழங்கினம்" எண்டுவான்.

கிளினிக்கில மனசு ஒப்பாட்டி வேற வழியும் இருக்கு. அரச ஆஸ்பத்திரிகள்ல அபிவிருத்திக் குழு எண்டு ஊர் ஆக்களும் சேந்து நடத்துற குழு இருக்கும், அவங்களோட கதைச்சு அவங்க கேக்கிற சாமான இஞ்ச கடையில வாங்கிக் குடுக்கலாம். கதிரை, மின்விசிறி, வருத்தக்காரர் காத்திருக்கிற இடத்துக்குக் கூரை. வேலை மெதுவாத்தான் நடக்கும், கடிதம் மேல போய் கீழ வரோணும், ஆனா சாமான் ஊரில நிக்கும்.

குடுக்கிறதெண்டு முடிவெடுத்தா என்ட யோசினை இதுதான். மாதம் 25 கஸ்டமெண்டா பத்துக் குடுங்க, ஆனா நிப்பாட்டாம குடுங்க, எதுக்கெண்டு கட்டிப் போடாம குடுங்க, நிப்பாட்டப் போறீங்க எண்டா மூண்டு மாசத்துக்கு முதல் சொல்லுங்க. எங்களுக்கு வந்த பெரிய தொகையள்ல பாதி தைப்பொங்கலுக்கும் சித்திரைக்கும் ஆரோ ஒருத்தர்ட திவசத்துக்கும் ஒரே தரமா வரும், வந்த மாசம் ராசா மாதிரி இருப்பம், ஆவணியில பெற்றோலுக்குக் கடன் சொல்லுவம். லண்டனில ஒரு அக்கா ஏழு வருஷமா மாதம் பத்துப் பவுண் அனுப்பினா, ஒரு கடிதம் கேக்கேல்ல, பேர் போடக் கேக்கேல்ல. நேர்ஸ்ட சம்பளத்த திட்டமிடேக்க நாங்கள் முதல்ல எழுதின வரி அவட பத்துப் பவுண்தான். வரிச்சலுகை ரிசீட் கிடைக்குமா எண்டது கனடாவில பதிஞ்ச அமைப்பு மூலம் போகுதா எண்டதப் பொறுத்தது, அத உங்கட அக்கவுண்டன்ட்ட கேளுங்க.

ஆவணியில ஊருக்கு வாற யோசினை இருக்கு, நேரில போய்ப் பாக்கலாமா எண்டும் கேட்டிருந்தீங்க. போங்க. சொல்லாமப் போகாதீங்க, அது மரியாதை இல்ல, ஆனா உங்களுக்காக நாள் மாத்த வேண்டாம் எண்டும் சொல்லிடுங்க, வழக்கமான கிளினிக் நாளிலயே போங்க. காலைல ஏழு மணிக்கு முதல் அங்க நில்லுங்க, பத்துக்குப் பிறகு வெயில் ஏறினா சனம் கலைஞ்சிடும். டொக்டரோட இருக்காம வெளில வாங்குப் பலகையில சனத்தோட இருங்க, எந்த ஊரில இருந்து வந்தீங்க, எதில வந்தீங்க, போன மாசம் வந்தீங்களா எண்டு கேளுங்க, படம் எடுக்காதீங்க. போற வழியில இறால் வாங்கிறதெண்டா திரும்பி வரேக்க வாங்குங்க, காலையில வாங்கி வேனுக்குள்ள வைச்சா மணத்தில டொக்டர் பேசுவார்.